பச்சைக்கு நின்றவர்கள்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. இட்லி வேகும்போதே கொப்பரையைத் திறந்து பார்ப்பேன். பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னால் நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். "காலுல வெந்நிய ஊத்திக்கிட்டே பொறந்தவ" என்றுதான் அம்மா என்னைப் புது ஆட்களிடம் அறிமுகப்படுத்துவாள். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்" என்பது சோற்றுத் தட்டின் முன்னால் தினமும் கேட்கும் பாட்டு. இப்படிப்பட்ட நான், சாலையைக் கடக்க நிற்கிறவர்கள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முடிவுசெய்யும் ஒரு பெட்டியைச் செய்யக் கிளம்பினேன். கல்லூரியில் யாரும் சிரிக்கவில்லை. அம்மாதான் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒரு சந்தில் இருந்தது. அம்மாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. கோன் சுற்றும் பகுதி. ஓடுகிற நூல் அறுந்தால் நுனியைப் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிட வேண்டும். நான் கிருஷ்ணன்கோவில் பக்கம் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் கடைசி வருஷம். விடியலில் அம்மா தெற்கே பஸ் ஏறுவாள். அப்புறம் நான் வடக்கே கல்லூரி பஸ் ஏறுவேன். அப்பா தென்காசிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் இருந்தார். வீட்டுக்கு வருவதும் வராததும் அவர் இஷ்டம். என் படிப்பு ஓடியது அம்மாவின் சம்பளத்தில்தான். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

காலையில் பஸ் ஆலை வாசலிலேயே இறக்கிவிடும். மத்தியானச் சங்கு ஊதி வெளியே வரும்போதுதான் வினை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். நடுவில் மதுரை - தென்காசி சாலை. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போய்வரும் லாரிகள் ஆலை வாசலையும் பார்க்காது, ஆளையும் பார்க்காது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் அந்தச் சாலையைக் கடக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். எல்லாரும் வாசலில் கூடுவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் கைகோத்துக்கொண்டு ஒரே வரிசையாக இறங்குவார்கள். ஓரத்தில் இருப்பவள் தூக்குவாளியை உயர்த்திப் பிடிப்பாள். எப்பேர்ப்பட்ட லாரியும் நின்றாக வேண்டும். எப்போதோ ஒரு தடவை, பின்தங்கிய ஒரு பெண் மற்றவர்களைப் பிடிக்க ஓடிவந்து அடிபட்டுப்போனாளாம். அன்றிலிருந்து ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்கள் சாலையில் கால் வைப்பதில்லை.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். விடுமுறை நாட்களில் அம்மாவைக் கூட்டிவரப் போனால் எதிர்ப்பக்கம் நின்று பல்லைக் கடிப்பேன். சாலை சில சமயம் துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடக்கும். அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். "பால்வாடிப் பிள்ளைகளா நீங்க?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன். "ஆமாட்டி, நீ வந்து மிட்டாய் குடு" என்றாள் அத்தை. அவள் சொந்த அத்தை இல்லை. அம்மாவுக்கு அடுத்த மிஷினில் வேலை பார்த்தவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பதற்றம் வந்தால் மட்டும் எங்களிடமும் அவளுக்குத் தெலுங்கு எட்டிப் பார்க்கும்.

அந்த வாசலுக்கு நேரே ஒரு சிக்னல் கம்பம் இருந்தது. ஆலைக்காரர்களும் ஊர் வியாபாரிகளும் சேர்ந்து நட்டது. அதற்குள் இருந்த கடிகாரம் யாருக்காகவும் மாறாது. ஈ காக்கை இல்லாத நேரத்தில் லாரிகளை நிறுத்தி வைக்கும். வாசலில் கூட்டம் நெரியும்போது லாரிகளைப் போகச் சொல்லும். டிரைவர்கள் அதை மதிப்பதை விட்டார்கள். கடைசியில் போலீசாரே மஞ்சளை மட்டும் மினுக்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சென்னையிலிருந்து வந்தவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு வழுக்கல் இருக்காது. ஃபஸி லாஜிக் என்ற வார்த்தையை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். ஜப்பானில் துணி துவைக்கும் இயந்திரம் அழுக்கு கொஞ்சமா, அதிகமா என்று தானே பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறதாம். சாதாரணக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஆம், இல்லை இரண்டும்தான். இதில் நடுவில் இருப்பதற்கும் இடம் உண்டு. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றால் கூட்டமா, இல்லையா? பாதிக் கூட்டம், பாதி இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே கணக்குப் போடலாம்.

"எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான சார் பேசுதோம்?" என்று எழுந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப உன் ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுத்துக்கோ" என்றார்.

எனக்கு உடனே அந்தக் கம்பம்தான் கண்ணில் நின்றது. எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள், வண்டிகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன. மூன்றையும் பார்த்து ஒரு பெட்டி தானே முடிவெடுக்க வேண்டும். விதிகளைப் பேசுகிற மொழியிலேயே எழுதினேன். நிறைய பேர் நின்றால், வண்டி நெருக்கமாக இருந்தாலும் சீக்கிரம் நடக்கவிடு. நடுத்தரமாகப் பேர் நின்று, நெடுநேரம் ஆகிவிட்டால் நடக்கவிடு. ஒன்றிரண்டு பேர்தான், வண்டியோ நெருக்கம் என்றால் அவர்கள் பொறுக்கட்டும். அந்தக் கடைசி விதியை எழுதும்போது எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒருத்திக்காக ஒரு லாரி வரிசையையே நிறுத்துவது நியாயம் இல்லை என்றுதான் பட்டது.

வார்த்தையை எழுதிவிட்டால் போதாது, அதற்கு ஒரு வரம்பும் கட்ட வேண்டும். சற்று நேரம் எங்கே முடிந்து நெடுநேரம் எங்கே தொடங்குகிறது? "செத்த நேரம்னா எம்புட்டு நேரம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண் எங்கோ இருந்தது. விரல்தான் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு நிக்கோங்கிறதப் பொறுத்தது" என்றாள். "பஸ்ஸுக்குன்னா ஒண்ணு, ரேஷனுக்குன்னா ஒண்ணு. உனக்குச் சோறு போடுறதுக்குன்னா செத்த நேரமே கெடையாது."

"ஒரு நம்பர் சொல்லும்மா."

"போட்டி, வேலையத்தவளே."

கடைசியில் என் பொறுமையை அளந்து பார்த்து, அதை இரட்டித்து, அதுதான் செத்த நேரம் என்று எழுதிக்கொண்டேன். மற்ற மனிதர்களுக்கு அது போதும் என்று தோன்றியது.

பேராசிரியர் ஆலையின் லேபர் ஆபீசரைப் பிடித்தார். லேபர் ஆபீசர் போலீசைப் பிடித்தார். மத்தியானச் சங்கு நேரத்துக்கு மட்டும், சில நாட்கள், ஏட்டையா ஒருவர் விசிலோடு நிற்க, என் பெட்டியைக் கம்பத்தோடு இணைத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மற்ற நேரமெல்லாம் பழைய மஞ்சளே மினுக்கட்டும். சரியாக வந்தால் பெங்களூரில் சிக்னல் செய்கிற ஒரு கம்பெனிக்கு என்னைப் பற்றிச் சொல்வதாகப் பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். பெங்களூர் என்று காதில் விழுந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தச் சந்து வீட்டையும் கல்லூரி பஸ்ஸையும் விட்டு ஓடிவிடலாம். என் சம்பளம் வந்துவிட்டால் அம்மாவையும் ஆலையிலிருந்து நிறுத்திவிடலாம். இரண்டாவதை அவளிடம் சொல்லவில்லை. முடித்துக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

பெட்டியை எதிர்ப்பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் வைத்தோம். ஆலை வாசலில் சாலையோரமாக ரப்பர் விரிப்புகள். ஆள் ஏறி நின்றால் உள்ளே தகடும் தகடும் தொட்டுப் பெட்டிக்குச் செய்தி வரும். வண்டிகளை எண்ணச் சாலையின் குறுக்கே காற்றடைத்த ரப்பர்க் குழாய். முதல் நாள் சங்கு ஊதியதும் பெண்கள் வந்தார்கள். விரிப்புகளைப் பார்த்தார்கள். புத்தம்புதுசு, அழுக்குச் செருப்போடு எப்படி மிதிப்பது? ஒயர்க் கூடைகளை விரிப்பின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, சுற்றிலும் மண்ணில் நின்றுகொண்டார்கள். பெட்டியைப் பொறுத்தவரை வாசலில் ஆளே இல்லை. லாரிகளைப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

நான் சாலையைத் தாண்டி ஓடினேன். "கூடைய எடுங்க! மேல ஏறி நில்லுங்க!"

"கரண்டு கிரண்டு அடிக்காதுல்லா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் விரிப்பில் ஏறிக் குதித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அத்தோடு சரி. அம்மா வழக்கம்போலக் கடைசியில் வந்தாள். வாசல் வளைவின் நிழலில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்து, ஆற அமர நடந்து வந்து சேர்ந்தாள். உலகத்தில் அவசரமே இல்லாத ஒருத்திக்கு நான் எப்படிப் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பேராசிரியரும் லேபர் ஆபீசரும் வந்து சைக்கிள் ஸ்டாண்டில் என் பக்கத்தில் நின்றார்கள். ஏட்டையா கம்பத்தடியில். சங்கு ஊதியது. இந்தத் தடவை பெண்கள் சமர்த்தாக விரிப்பில் ஏறி நின்றார்கள். பெட்டி கூட்டத்தை உணர்ந்தது. குழாய் வழியாக வண்டி நெருக்கத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில், நான் நினைத்ததைவிட அழகாக, லாரிகளுக்குச் சிவப்பு விழுந்தது. நடக்கிறவர்களுக்குப் பச்சை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லாரிகள் நின்றன. ஏட்டையா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

ஒருத்தியும் நகரவில்லை.

பச்சை எரிந்தது. அவர்கள் நின்றார்கள். ஒருத்தி கூந்தலை முடிந்தாள். இன்னொருத்தி திரும்பி ஆலை வாசலைப் பார்த்தாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஏட்டையா கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். பச்சை முடிந்தது. லாரிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. பெட்டி விடவில்லை. கூட்டம் அப்படியே இருக்கிறதே என்று மறுபடியும் பச்சை கொடுத்தது. மறுபடியும் அதே கதை. அந்தப் பச்சையும் முடிந்து, நடக்கிறவர்களுக்குச் சிவப்பு விழுந்து லாரிகள் வந்துகொண்டிருக்கும்போது அம்மா நிழலிலிருந்து வந்து சேர்ந்தாள். உடனே கைகள் கோத்தன. தூக்குவாளி உயர்ந்தது. சிவப்பில், ஓடும் வண்டிகளுக்கு நடுவே, ஊர்வலம் இறங்கிவிட்டது. ஏட்டையா விசிலைக் கடித்து ஊதினார்.

லேபர் ஆபீசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பச்சைக்கு நிக்காளுக, சிவப்புக்கு நடக்காளுக! இவளுகளுக்கு எதுக்கு சார் ஜப்பான் மிஷினு?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வரிசை இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் நேரே அம்மாவிடம் போனேன். அவள்தானே கிடைப்பாள். "பச்சை விழுந்தா நடக்கணும்னு தெரியாதா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எல்லாரும் யாருக்காக நின்னீங்க? நீ எதுக்கு ஆடி அசைஞ்சு வார? மானத்த வாங்கதுக்குன்னே வாரியா?"

நாலு பேர் முன்னால் கேட்டேன். லேபர் ஆபீசர் அதற்குள் ஏட்டையாவிடம் போயிருந்தார், ஆனால் பேராசிரியர் காதில் விழுந்திருக்கும். அம்மா முகம் மாறவில்லை. "உன் சோலியப் பாருட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸின் பக்கம் நடந்தாள். மற்ற பெண்கள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

பஸ்ஸில் அம்மா முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை என் கையைப் பிடித்துப் பின் சீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"தேவுடா, இப்படியாட்டி பெத்தவள நடுரோட்டுல வச்சுக் கேப்ப? உங்க அம்மைக்குக் கண்ணு தெரியல."

நான் சட்டென்று குரலைத் தாழ்த்தினேன்.

"எம்புட்டு நாளா?"

"போன பொங்கலுக்கு முன்ன இருந்தே. உள்ள லைட்டு வெளிச்சத்துல எப்படியோ தாட்டிருதா. வெயில்ல வந்தா எல்லாம் வெள்ளையா ஆயிருதாம். லாரி வருதா, நிக்குதான்னு தெரியாது. நிழல்ல செத்த நேரம் நின்னு கண்ணப் பழக்கிக்கிட்டுத்தான் வருவா. அவள விட்டுட்டு நாங்க எப்படிப் போவோம்? கையப் பிடிக்க ஆளு வேணாமா?"

"மிஷின்ல எப்படி?"

"நூலு அறுந்தா விரலால தேடிருவா. அகப்படலன்னா நான் போய் முடிஞ்சு விடுவேன். எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும். லேபர் ஆபீசருக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிருவாவ. ஆப்பரேசனுக்கு லீவு கேட்டாலும் எதுக்குன்னு கேப்பாவல்லா? உன் படிப்பு முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கா."

வெறும் கண்புரை அது. மதுரையில் அறுத்து எடுத்துவிடக் கூடியதுதான், பிற்பாடு எடுத்தும் விட்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் எனக்கு அது தெரியாது. முன் சீட்டில் தெரிந்த அம்மாவின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஊர் வரும்வரை சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவள் செம்பில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தேன். உள்ளே ஒரு விரலை விட்டு, தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினாள். எத்தனையோ தடவை அந்தச் செம்பை அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"எம்மா, கண்ணுக்கு டாக்டர்ட்ட போவோம்."

"அவ வாயி சும்மா இருக்காதே" என்றாள். அத்தையைத்தான். "மொதல்ல உன் மிஷினு வேலை முடியட்டும். ஆபீசர்ட்ட கீபீசர்ட்ட உளறி வைக்காத."

அடுத்த நாளும் அதே கூத்துத்தான். பச்சை வந்து வந்து போயிற்று, அவர்கள் அம்மாவுக்காக நின்றார்கள். இந்தத் தடவை நான் கத்தவில்லை. வாசல் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வெயிலுக்குள் கால் வைக்கும் முன் அவள் ஒரு கணம் தயங்குவது எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. இவ்வளவு நாள் அதை நான் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன் விதிகள் சரியாத்தான் இருக்கு. பெட்டி சொன்னபடிதான் நடக்குது. அவங்க ஏன் நடக்கலைங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கணும். அதைக் கண்டுபிடிச்சு எழுதினா இது நல்ல ப்ராஜெக்ட். இல்லன்னா வெறும் விளக்கு."

"யாருக்காகவோ நிக்காளுக சார்" என்றார் லேபர் ஆபீசர். முந்தின நாள்போல் சிரிக்கவில்லை. "ஏம்மா, நீதான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியாச்சே. எவளுக்காக நிக்காளுகன்னு உனக்குத் தெரியும்லா? ஆளச் சொல்லு. கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிச்சுக்கிடுதேன்."

ஒரே ஒரு பெயர். சொன்னால் என் பெட்டி நிரபராதி. பெங்களூர் கைக்கு எட்டிவிடும். விசாரிப்பார், டாக்டரிடம் அனுப்புவார், அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் வழக்கம்போல அவசரமாகத்தான் பதில் சொன்னேன். அந்த ஒரு அவசரத்துக்காக மட்டும் நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

"யாருக்காகவும் இல்ல சார். என் ப்ரோக்ராம் தப்பு. பச்சைய ரொம்பச் சீக்கிரமாக் குடுத்துருது. கூட்டம் தயாராகுறதுக்குள்ள முடிஞ்சிருது. நான்தான் அவசரப்பட்டு எழுதிட்டேன்."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் செய்தவளே தப்பு என்று சொல்லும்போது அவர் என்ன செய்வார்? லேபர் ஆபீசருக்குப் பாதி நிம்மதி, பாதி அலுப்பு. "நாளைக்கு ஒரு நாள் பாப்போம். பொறவு பெட்டிய எடுத்துருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே வைக்கவில்லை.

"ஏட்டி, மிஷின்ல தப்புன்னு சொன்னியா?"

பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம் ஆபீசர் கேலியாகச் சொல்லியிருக்கிறார். மிஷின் செய்த பிள்ளையே கையை விரித்துவிட்டது என்று.

"சொன்னேன்."

"தப்பு இருக்கா?"

நான் அவள் கையிலிருந்த கூடையை வாங்கப் போனேன்.

"எனக்காக எதுக்கு நீ பொய் சொல்லுத? ராப்பகலா உக்காந்து செஞ்சியே, அத நாலு பேரு சிரிக்கும்படி ஆக்கிட்டு வந்து நிக்க?"

"நீ வேலைய விட்டு நின்னுட்டா என்ன பண்ணுவோம்? எனக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்குமாவது..."

"அது என் பாடு. உன்னக் கேட்டேனா?"

என் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்பார்கள். வேறெங்கும் தேட வேண்டாம். இருவரும் குரலை உயர்த்திச் சண்டை போட்டோம். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் விடியலில் வழக்கம்போலத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபோது எனக்கு எல்லாம் முடிந்துபோன அலுப்பு. பெட்டியை எப்போது கழற்றலாம் என்றுதான் கை பரபரத்தது. சங்கு ஊதியது. பெண்கள் வந்தார்கள். விரிப்பில் ஏறி நின்றார்கள். பெட்டி பார்த்தது, லாரிகளுக்குச் சிவப்பைப் போட்டது, நடக்கிறவர்களுக்குப் பச்சையைக் கொடுத்தது.

அவர்கள் நடந்தார்கள்.

கை கோக்கவில்லை. தூக்குவாளியை யாரும் உயர்த்தவில்லை. இரண்டு பேரும் மூன்று பேருமாக, சந்தைக்குப் போகிறவர்கள்போல, பச்சையில் இறங்கி வந்தார்கள். ஒருத்தி கூடத் திரும்பி வாசலைப் பார்க்கவில்லை. கடைசிப் பெண் இந்தப் பக்கம் ஏறவும் லாரிகளுக்கு வழி திறக்கவும் சரியாக இருந்தது. நான் தாளில் வரைந்த படம் அப்படியே சாலையில் நடந்தது.

"பாத்தீங்களா சார்!" என்று லேபர் ஆபீசர் கையைத் தட்டினார். ஏட்டையா கூடச் சிரித்தார். பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேத்து ராத்திரி என்ன மாத்தின?"

"ஒண்ணும் மாத்தல சார்" என்றேன். என் கண் வாசல் நிழலில் இருந்தது. அங்கே யாரும் இல்லை.

அத்தை என் முன்னால் வந்து நின்றாள். அவள் கையில் இரண்டு தூக்குவாளிகள் இருந்தன. ஒன்றை என்னிடம் நீட்டினாள். அம்மாவுடையது. கனமாக இருந்தது, திறக்கவே இல்லை போல.

"காலையில சங்குக்கு முன்னாடியே ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டா. 'எனக்குத்தான் கண்ணு தெரியல, இவளுக எனக்காகத்தான் நிக்காளுக, என் மக மிஷின்ல ஒரு தப்பும் இல்ல'ன்னு சொல்லிட்டா. கையப் பிடிச்சு இழுத்துப் பாத்தோம்ட்டி, கேக்கல. அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டாவ. வாளிய மறந்துட்டுப் போயிட்டா."

லேபர் ஆபீசர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் என் அம்மா என்று அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நல்ல மிஷினும்மா" என்றார்.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் எழுந்து எழுந்து நின்றேன். கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார்.

அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள்.

"என்ன, இன்னைக்கு நடந்தாளுகளா?"

"நடந்தாவ."

"பச்சைக்கா?"

"பச்சைக்குத்தான்."

"நான் சொன்னேன்லா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. தூக்குவாளியை அவள் மடியில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வருகிற பஸ் எதிர்ப்பக்கம் அல்லவா நிற்கும்? அவளைக் காலையிலேயே அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி ஓடுவது மத்தியானச் சங்குக்கு மட்டும். காலையில் அந்தக் கம்பத்தில் மஞ்சள்தான் மினுக்கிக்கொண்டிருந்திருக்கும். பெட்டி ஓடியிருந்தாலும்தான் என்ன? ஒருத்திதான், வண்டியோ நெருக்கம் என்றால் அவள் பொறுக்கட்டும் என்று எழுதி வைத்தவள் நான்.

"எம்மா, காலையில தனியாவா ரோட்டத் தாண்டுன?"

"பொறவு? அவளுக எல்லாம் உள்ள வேலையில இருக்காளுகள்லா."

"எப்படித் தாண்டுன?"

"நின்னேன். லாரிச் சத்தம் ஓயட்டும்னு நின்னேன்."

"எம்புட்டு நேரம் நின்ன?"

அம்மா தூக்குவாளியின் மூடியைத் திறந்து, காலையில் கட்டிய சோற்றை முகர்ந்து பார்த்தாள்.

"செத்த நேரம்" என்றாள்.